ஓமோம் அண்ணை

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஓர் ஓமோம் அண்ணை இருப்பார். நாம் வாயைத் திறந்து முதற்சொல் விழமுன்னமே அவருடைய "ஓமோம்" வந்து விழுந்துவிடும்.

"அண்ணை, உங்கட கிணத்தடி மோட்டர்..."

"ஓமோம்."

"...புகையுது."

"ஓமோம், தெரியும். அம்மா சுகமே?"

மோட்டர் கருகி முடிந்தபின், "ஒருத்தரும் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை" என்று படலையில் நின்று ஊரைத் திட்டுவார்.

காதில் பழுதென்று நினைக்கவேண்டாம். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி, மின்சாரம் போய், பற்றரியும் தடைப்பொருளான காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர் இவர். அயல் முழுக்க முற்றத்தில் குந்தியிருக்கும். பிபிசி தமிழோசை தொடங்கியபின் யாராவது இருமினால் முறைப்பார். குழந்தை அழுதால் தாயையும் சேர்த்துக் கிணற்றடிக்கு அனுப்புவார். அடுத்தநாள் தேத்தண்ணிக் கடையில், எந்தச் செய்தி எந்த இடத்தில் இரைந்தது என்பது உட்பட, ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பார். அப்படிப்பட்ட காது மனிசர் கதைத்தால் மட்டும் ஏன் அடைக்கிறது? றேடியோவுக்குள் பூந்து தன் கதையைச் சொல்ல வழியில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

வழியுள்ள இடம் செத்த வீடு. "என்ன மாதிரி நடந்தது தம்பி?" என்று உருக்கமாகத்தான் கேட்பார்.

"விடியப்புறம் நெஞ்சுக்கை நோகுதெண்டவர்..."

"ஓமோம். எங்கட மாமாவுக்கும் உப்பிடித்தான்."

மாமா போய்ச் சேர்ந்து முப்பது வருசத்துக்கு மேல். என்றாலும் ஊரில் யார் கண்ணை மூடினாலும் துணைக்கு அவரும் ஒருக்காச் சாகவேண்டும். தகப்பனைப் பறிகொடுத்த பெடியன் மாமாவுக்காகத் துக்கப்பட்டுக்கொண்டு நிற்பான்.

கனடாவிலிருந்து மகள் எடுப்பாள்.

"அப்பா, குளிசை போட்டனீங்களோ?"

"ஓமோம்."

"பிறசர் பாத்தனீங்களோ?"

"ஓமோம்."

"அப்பா, எனக்கு வேலை போட்டுது."

"ஓமோம், நல்லது பிள்ளை. இந்தா, அம்மாவோட கதை."

அண்மையில் சனசமூக நிலையத்தில் உளவளத்துணையாளர் ஒருவர் ஒரு பயிற்சி வைத்தார். கார்ல் றொஜேர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் எழுதிய சிறு கைநூலில் வரும் முறைதான்: மற்றவர் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும், அவர் "அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை உங்கள் கருத்து வாய்க்குள்ளேயே கிடக்கவேண்டும். சுகமான வேலைபோலத் தெரியும். நம்மில் பலருக்கு மூச்சடைக்கும். அண்ணை முன்வரிசை. வசனத்துக்கு வசனம் அவர் தலையாட்டிய அழகைப் பார்த்து, "ஐயாவைப்போல கேக்கவேணும்" என்றே பயிற்சி வைத்த பிள்ளை புகழ்ந்துவிட்டது.

சோடி சேர்த்தபோது அண்ணைக்கு வாய்த்தவர் இளைப்பாறிய ரீச்சர். பிள்ளைகள் வெளிநாடு போனபின் இரவில் அந்தப் பெரிய வீட்டில் தனியே படுக்கப் பயமாயிருப்பதை அவர் மெல்லச் சொன்னார். இடையிடையே ஒன்பது பத்து "ஓமோம்" கேட்டது.

"ஐயா, ரீச்சர் என்ன சொன்னவ?"

"அதை அவவே வடிவாச் சொல்லிப்போட்டா. பிறகு நானேன்?"

சனம் சிரித்தது. ரீச்சர் விடவில்லை, வகுப்பில் பின்வாங்குக்காரனை எழுப்பும் குரலில் கேட்டார்.

"அப்ப நான் எதுக்குப் பயப்பிடுறன்?"

"ஓமோம்."