கீவேர்ட் தேடும் மருமகனுக்கு

வா மருமகனே, லேப்டாப்பை மூடாம அப்படியே தூக்கிக்கிட்டு வா. நம்ம வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்கு வர்ற சனத்துக்கு ரூம் கொடுக்கப் போறே, அதுக்கு ஒரு வெப்சைட் போடப் போறே, அதுல என்ன எழுதுறதுன்னு தெரிஞ்சிக்க "கீவேர்ட் ரிசர்ச்" பண்றேன்னு ரூமுக்குள்ளேயே கெடக்கிறேன்னு உங்கம்மா சொன்னா. நல்ல காரியம். தொலைஞ்ச சாமானைத் தேடிக் கொடுக்கிறவர்னு உலகமே அந்தோனியாரைக் கும்பிடுது. 1231ஆம் வருஷம் ஜூன் 13ஆம் தேதி பாதுவாவில கண்ணை மூடின மனுஷன், இன்னைக்கும் ஊரார் தொலைச்ச சாவிக்கொத்தைத் தேடிக்கிட்டிருக்கார். அவர் கோயில் வாசல்ல உக்காந்துக்கிட்டு, சனம் என்ன தேடுதுன்னு கலிபோர்னியாக்காரன் கூகுள்கிட்ட விசாரிக்கிறே பாரு, அந்தத் தைரியத்துக்கே உனக்கொரு பிளேன்டீ வாங்கித் தரணும்.

சரி, என்ன வார்த்தை பிடிச்சிருக்கே? "அந்தோனியார் கோயில்." அடேங்கப்பா! அதைத் தேடுறவனுக்கு முன்னால கொச்சிக்கடை வந்து நிக்கும், கச்சத்தீவு வந்து நிக்கும், இந்தியக் கரையில இருந்து உவரியும் புளியம்பட்டியும் வரும். அத்தனை பேரையும் தள்ளிவிட்டு மாத்தளை மாவட்டத்துல உன் ரெண்டு ரூம் மேலே வரணுமாம். அந்தோனியார் கோடி அற்புதர்தான், இல்லைங்கல. இருந்தாலும் அவருக்கும் வேற வேலை இருக்குமேப்பா.

இந்தக் கூகுள் கீவேர்ட் பிளானர்ல "போட்டி குறைவு"ன்னு பச்சையா காட்டுதுன்னு குதிக்கிறியே, அது யாரோட போட்டின்னு கேட்டியா? காசு கட்டி விளம்பரம் போடுறவங்களுக்குள்ள இருக்கிற போட்டி அது. விளம்பரக்காரங்களுக்காகச் செஞ்ச சாமான்தானே! காசு கட்டாம மேலே வர்றது லேசா, கஷ்டமான்னு அது சொல்லவே இல்லை. நீ விளம்பரத்துக்குச் செலவழிக்காட்டி எண்ணிக்கையையும் சரியாச் சொல்லாது. பத்துல இருந்து நூறு, நூறுல இருந்து ஆயிரம்னு தோராயமா ஒரு வீச்சுதான் காட்டும். ஓசிக்குக் கேட்டா அவ்வளவுதான் சொல்லுவான், நம்ம ஊர் தரகன் மாதிரி.

இன்னொண்ணு, கூகுள் ட்ரெண்ட்ஸ்ல "நூறு" வந்திருக்குன்னு உங்கம்மாகிட்டச் சொன்னே, அவ நூறு குடும்பம் வருதுன்னு பாய் வாங்கப் போயிட்டா. அந்த நூறு ஆள் கணக்கு இல்லைடா. நீ பார்க்கிற காலத்துல அந்தத் தேடல் எப்ப உச்சத்துல இருந்ததோ அதுக்கு நூறுன்னு பேர் வச்சு, மத்ததையெல்லாம் அதோட ஒப்பிட்டுக் காட்டுறான். கொஞ்சப் பேர் தேடினாலும் உச்சம் உச்சம்தான். ஆனா ஒரு உபகாரம் உண்டு. எந்த மாசம் ஏறுது, எந்த மாசம் இறங்குதுன்னு பார்க்கலாம். திருவிழா ஜூன்ல. நீ ஜூன் பத்தாந் தேதி பக்கத்தைப் போட்டா, கூகுள் வந்து எட்டிப் பார்க்கிறதுக்குள்ள சனம் சாமி கும்பிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திடும். பெரிய வியாழனுக்கு முன்னாலயே எழுதி வை.

இப்ப எழுந்து கலேவெல பஸ் ஸ்டாண்டுக்குப் போ. லேப்டாப் வேணாம், காதை மட்டும் கொண்டு போ. த்ரீவீல்காரங்ககிட்ட வெளியூர்ச் சனம் என்ன கேக்குதுன்னு நின்னு கேளு. யாழ்ப்பாணத்துல இருந்து ஏ9 ரோட்டுல வர்ற அக்கா, "தம்பி, தம்புள்ளையில இறங்கவா, மாத்தளை மட்டும் போகவா?"ன்னு கேப்பா. குருநாகல் பக்கம் இருந்து ஏ6 ரோட்டுல வர்றவனுக்கு அந்தச் சந்தேகமே வராது, அவன் கலேவெலயில இறங்கிட்டு "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"ம்பான். கைக்குழந்தைக்காரி சுடுதண்ணி கிடைக்குமான்னு கேப்பா. ஆத்தாளைக் கூட்டிட்டு வந்தவன் படி எத்தனைன்னு கேப்பான். இதெல்லாம் ராத்திரி போன்ல தட்டுற அதே கேள்விதான் மருமகனே. ஒவ்வொண்ணையும் பத்துப் பேர்தான் தேடுவாங்க. ஆனா அந்தப் பத்துப் பேரும் பையைக் கட்டிட்டு நிக்கிறவங்க. "அந்தோனியார்"னு மட்டும் தட்டுறவன் படம் பார்க்கிறானோ, பிள்ளைக்குப் பேர் வைக்கிறானோ, யாருக்குத் தெரியும்?

கேட்டுட்டு வந்து கூகுள்ல பாதிக் கேள்வியைத் தட்டிட்டு நிறுத்து. மீதியை அவனே எழுதிக் காட்டுவான். "மக்கள் இதையும் கேட்கிறார்கள்"ங்கிற மாதிரி ஒரு பெட்டியும் சில நேரம் வரும். அது ஓசி, சந்தா கேக்காது. ஊர்ப்பேரை இங்கிலீஷ்ல ஒருத்தன் டபிள்யூ போட்டு எழுதுறான், ஒருத்தன் வி போடுறான். தமிழ்ச் சனத்துல பாதிப் பேர் தமிழையே இங்கிலீஷ் எழுத்துல தட்டுது. எல்லாத்தையும் ஒருதரம் தட்டிப் பாரு.

முகப்புல போர்த்துக்கீசர் சரித்திரம் எழுதியிருக்கியாமே? கண்டி அரசன் பிடிச்ச போர்த்துக்கீசக் கைதிங்களைக் குடிவச்ச ஊர்னு பெரியவங்க சொல்ற கதை, 1687இல இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார், 2015இல போப்பாண்டவர் காலிமுகத்திடல்ல அவரைப் புனிதர்னு அறிவிச்சது, எல்லாம் அருமை. எழுது, ஆனா வேற பக்கத்துல. சரித்திரம் தேடுறவனுக்குப் பாடசாலை ஒப்படை. ரூம் தேடுறவனுக்கு இருட்டுறதுக்குள்ள தலை சாய்க்க இடம். ரெண்டு பேரையும் ஒரே திண்ணையில உக்கார வச்சா ரெண்டு பேரும் எழுந்து போயிடுவாங்க.

அப்புறம் அந்தப் பக்கத்துக்கு அடியில வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்தா "வஹகோட்டை ரூம் வஹகோட்டை ரூம்"னு அறுபது தரம் ஒளிச்சு வச்சிருக்கியே, அது யாரு சொல்லிக் கொடுத்தது? தாத்தா காலத்துத் தந்திரம்டா அது. அது கூகுளோட விதியிலேயே மோசடின்னு எழுதியிருக்கு. கீவேர்ட் மெட்டா டேக்னு ஒண்ணை நிரப்பிட்டு நெஞ்சை நிமிர்த்துறே, அதைத் தரவரிசைக்கு நாங்க பார்க்கிறதே இல்லைன்னு கூகுள்காரனே 2009இல சொல்லிட்டான். நீ அப்ப பள்ளிக்கூடத்துல இருந்திருப்பே, உன்மேல தப்பில்லை. எடுத்துடு அதை. அந்த இடத்துல பஸ் நேரம், வாடகை, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, எல்லாத்தையும் மறைக்காம எழுது.

திருவிழா முடிஞ்சதும் கூகுள் சர்ச் கன்சோலைத் திற. என்ன தட்டினப்போ உன் பக்கம் கண்ணுல பட்டுச்சு, எதைத் தட்டினவன் உள்ளே வந்தான்னு வரிசையா இருக்கும். பார்த்துட்டு உள்ளே வராம போனவன் கேட்டதை மட்டும் தனியா எழுதிட்டு வா, அடுத்த வருஷத்துக்கு அதான் வேலை. "வஹகோட்டையில ஓசியில புத்தி சொல்ற மாமா"ன்னு யாராவது தேடியிருந்தா மட்டும் எனக்குக் காட்டு, வாடகையில பங்கு பேசணும்.