சந்தன சோப்புச் சான்றோர்

மதுரை நகரின் மேற்கே, தேனிச் சாலையும் பைபாஸ் சாலையும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்துக்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல் என்பது செங்கல்லையோ சுண்ணாம்புக் கல்லையோ அடுக்கிச் சுடும் சூளைக்குத் தென்மாவட்டங்களில் வழங்கும் சொல். பெயருக்கேற்ற சூளையைத் தேடி இன்று அங்கே போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும் என்றாலும் புகைக்கு ஒரு குறைவும் இல்லை. 2020இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் கீழே சிக்னலுக்கு நிற்கும் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் சூளை விட்டுச்சென்ற தொழிலை இடைவிடாமல் நடத்திவருகின்றன. சுட்ட மண்ணின் பெயரையும் டீசல் புகையையும் ஒருங்கே தாங்கிய இவ்வூரில், உடம்பில் சந்தனம் மணக்க வேண்டும் என்று உறுதி பூண்ட ஒரு வகையினர் வாழ்கிறார்கள் என்பதும், அவர்களை அடையாளம் காண உடையோ பேச்சோ உதவாது, வீட்டுக் குளியலறையின் மேல்தட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் சமூகவியல் நூல்களில் இதுவரை இடம்பெறாத செய்திகள். இவர்களைச் சந்தன சோப்புச் சான்றோர் என்று அழைப்பதே பொருத்தம்.

சந்தன சோப்பு வாங்குகிற எல்லாரும் சான்றோர் ஆகிவிட மாட்டார்கள். தாயைக் கல்லூரி மாணவி என்று எண்ணி ஊரே ஏமாறும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மஞ்சளும் சந்தனமும் சேர்ந்த சந்தூரை மாதச் சாமான் பட்டியலில் எழுதிப்போடுகிறவர்கள் வெறும் நுகர்வோர். சான்றோர் என்பவர் பெரும்பாலும் அறுபதைத் தொட்டவர். வருவாய்த் துறையிலோ மின்வாரியத்திலோ கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, எஸ்.எஸ். காலனியிலோ பொன்மேனியிலோ வீடு கட்டிக் குடியேறி, நாளிதழை மடிப்புக் கலையாமல் படித்து முடிப்பவர். மைசூர் சாண்டலைத் தவிர மற்றதெல்லாம் சவுக்காரம் என்று கருதுகிறவர். சவுக்காரம் என்பது துணி வெளுக்கும் கட்டிக்குப் பழைய தலைமுறை வைத்திருந்த பெயர். வழலை என்று தனித்தமிழ் அன்பர்கள் ஆக்கித்தந்த சொல் குளியலறை வரை வந்துசேரவில்லை. எல்லாருக்கும் பொதுவாக வழங்குவது சோப்பு. சான்றோரோ இம்மூன்றில் எதையும் தம் கட்டிக்குச் சூட்டுவதில்லை. “அண்ணாச்சி, மைசூர்சாண்டல் ஒண்ணு” என்று கேட்பார், “சோப்பா சார், பவுடரா?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டால், கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னவரிடம் மதுரைக்காரர் ஒருவரே எந்தக் கோயில் என்று கேட்டதுபோல முகம் சுருங்கிப்போவார்.

இந்தப் பற்றுக்கு மணம் மட்டுமே காரணம் என்று கொள்வது மேலோட்டமான பார்வை. அரசர் ஒருவர் ஏற்பாடு செய்துவைத்த பொருள் என்று சொல்லிக்கொள்ளச் சான்றோர் வீட்டில் இருப்பது இது ஒன்றுதான். முதல் உலகப்போர் மூண்டு, ஜெர்மனிக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த மைசூர்ச் சந்தனக் கட்டைகள் போக வழியின்றித் தேங்கியபோது, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் அவருடைய திவான் விஸ்வேஸ்வரய்யாவும் கட்டையை உள்ளூரிலேயே எண்ணெயாக வடிக்கவும், அந்த எண்ணெயைக் கொண்டு சோப்பு செய்யவும் வழிசெய்தார்கள்; 1916இல் பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலை தோன்றியது; தொழிலைக் கற்றுவர எஸ்.ஜி. சாஸ்திரி என்னும் வேதியியலர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். முட்டை வடிவக் கட்டியும் அதை வைக்க நகைப்பெட்டி போன்ற அட்டைப் பெட்டியும் அந்தச் சோப்பின் மரபாக நிலைத்தன. 2006இல் அதற்குப் புவிசார் குறியீடும், அதாவது ஒரு பொருளின் சிறப்பு அது பிறந்த மண்ணோடு சேர்ந்தது என்று சட்டப்படி செய்துவைக்கும் பதிவும், கிடைத்தது. பெட்டியின் மேல் உள்ள முத்திரை யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம். அதை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து யாளி என்றே எடுத்துக்கொண்ட சான்றோர், “நம்ம ஊரு யாளியத்தான் அவன் போட்டுருக்கான்” என்று பேரனுக்குக் காட்டிக்கொடுப்பார். காவிரிச் செய்தி வரும் நாள்களில் கர்நாடக அரசைக் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை திட்டித் தீர்த்துவிட்டு, எட்டேகாலுக்கு அதே அரசின் நிறுவனம் செய்த கட்டியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவதில் இவர் எந்த முரணையும் காண்பதில்லை. தண்ணீர்தான் தரவில்லை, சோப்பையாவது தருகிறார்களே என்பது இவர் கட்சி. சந்தனக் கட்டை கடத்திய வீரப்பன் 2004 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இனி சோப்பு விலை இறங்கும் என்று மாதக்கணக்கில் எதிர்பார்த்து ஏமாந்த சான்றோரும் உண்டு.

வாங்கிவந்த கட்டி நேரே குளியலறைக்குப் போய்விடுவதில்லை. புதுச் சோப்பில் ஈரம் இருக்கும், ஈரம் போகப் போகக் கட்டி இறுகும், இறுகிய கட்டி மெல்லக் கரையும் என்னும் வேதியியல் உண்மையை எந்தப் பள்ளியிலும் படிக்காமலே அறிந்த இவர், பெட்டியிலிருந்து கட்டியை எடுத்து, உள்தாளையும் உரித்து, பீரோவில் வேட்டி சட்டைகளின் நடுவே இரண்டு மாதம் படுக்கவைப்பார். துணிக்கு மணமும் ஏறும், கட்டியும் இறுகும் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த பெருமிதம் முகத்தில் தெரியும். மணம் என்பதே ஒரு பொருளிலிருந்து ஆவியாகிப் பிரிந்து போகும் பகுதிதான் என்பதால், துணிக்கு ஏறியது கட்டியிலிருந்து இறங்கியதே என்னும் கணக்கு, வரவு செலவுப் பதிவேடுகளிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த இவருக்கு ஏனோ பிடிபடுவதில்லை. “ஏங்க, அது குளிக்கிற சோப்பா, கும்புடுற சாமியா?” என்று வேட்டிகளுக்கு இடையே கட்டியைக் கண்ட துணைவியார் கேட்பது வழக்கம், அதற்கு விடை வருவதில்லை. காலிப் பெட்டிகளும் வீணாவதில்லை. ஒன்றில் வீட்டுச் சாவிகள், ஒன்றில் பழைய ரெவின்யூ ஸ்டாம்புகள், மற்றொன்றில் தோட்டின் பின்புறம் முடுக்கும் திருகாணி என்று நகைப்பெட்டி வடிவத்துக்கு நியாயம் செய்யப்படுகிறது. திருகாணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடும் நாள்களில் வீடு முழுவதும் சந்தனம் கமழும்.

இரண்டு மாதம் கழித்துப் பணிக்கு வரும் கட்டிக்குக் குளியலறையில் செய்யப்படும் பாதுகாப்பு ஏற்பாடுகள் தனியாக ஆராயத்தக்கவை. சோப்புப் பெட்டியில் தேங்கும் தண்ணீர் கட்டியின் அடியைக் குழைத்துவிடும் என்பதால், பவண்டோ பாட்டில் மூடி ஒன்றை, அதன் பற்கள் உள்ளே இறங்கும்படி, கட்டியின் அடிப்பக்கத்தில் அழுத்திப் பதித்து, மூடியின் மீது கட்டி நிற்குமாறு வைப்பார். பவண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க் விருதுநகரில் தொடங்கப்பட்டதும் 1916இல்தான். ஒரே ஆண்டில் பிறந்த ஒரு சோப்பு ஆலையின் கட்டியும் ஒரு சோடாக் கம்பெனியின் மூடியும் காளவாசல் குளியலறையில் ஒன்றன் தலைமேல் ஒன்று நிற்பது பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கண்ணில் படாமல் போனது இழப்பே. அடுத்தது இரட்டையாட்சி. மாகாண நிர்வாகத்தை முக்கியத் துறைகள், மற்றத் துறைகள் என்று பிரித்து, முக்கியமானவற்றை ஆளுநர் கையிலும் மற்றவற்றை அமைச்சர் கையிலும் வெள்ளையர் 1919இல் கொடுத்த ஏற்பாட்டுக்கு அப்பெயர். அதே முறையில் முகம், கழுத்து, மார்பு, அக்குள் ஆகியவை மைசூர் சாண்டலின் கீழும், தொப்புளுக்குத் தெற்கே உள்ள பகுதிகள் அனைத்தும் சிவப்பு லைஃப்பாயின் கீழும் வருகின்றன. முதுகு யாருக்கும் எட்டாத பகுதி என்பதால் அது தண்ணீரோடு நின்றுவிடும்.

தண்ணீர்தான் சான்றோரின் உண்மையான பகை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மிகுதி. சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் அவற்றோடு சேர்ந்து, நுரையாகப் பொங்குவதற்குப் பதிலாகத் திரிந்த பாலைப்போல வெள்ளை வெள்ளையாய்ப் பிரிந்து வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே வைகை அணையிலிருந்து குழாய் வழி வரும் நல்ல தண்ணீரில் கால் வாளி, குடிக்கவும் சமைக்கவும் பிடித்துவைத்த குடங்களிலிருந்து, துணைவியார் அடுப்படியில் இல்லாத நேரம் பார்த்துக் குளியலறைக்கு இடம்பெயரும். சோப்பின் பெருமையை வெறும் நுரையால் அளக்கக் கூடாது என்பதற்கும் இவரிடம் சான்று உண்டு. டி.எஃப்.எம். என்பது ஒரு கட்டியில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. அது 76 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் முதல் தரக் குளியல் சோப்பு என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. மைசூர் சாண்டல் பெட்டியில் அது 80 என்று அச்சிட்டிருப்பதை, பேரனின் கணக்கு மதிப்பெண் வீட்டுக்கு வரும் நாளில் இவர் எடுத்துக்காட்டாமல் இருந்ததில்லை.

மார்கழியில் சோப்புக்கு விடுமுறை. பனிக்காலத்தில் வெந்நீரில் குளிக்க வேண்டியிருப்பதும், வெந்நீரில் கட்டி விரைவாகக் கரைந்துவிடும் என்பதும் காரணம். தை பிறக்கும்வரை உடம்பின் வட பகுதியும் லைஃப்பாயின் ஆட்சிக்கு உட்படும். இது கஞ்சத்தனம் என்று துணைவியார் கருதினாலும் இதற்குச் சங்க காலத்து ஆதரவு இருக்கிறது. மதுரை நக்கீரனார் பாடிய நெடுநல்வாடை, வாடைக் காற்று வீசும் குளிர்காலத்தில் வடநாட்டார் கொண்டுவந்து தந்த வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு பயன்படுத்துவார் இன்றிக் கிடந்ததைக் கூறுகிறது. வட்டக்கல் என்பது சந்தனம் அரைக்கும் கல். பொதிகைச் சந்தனத்துக்கு உரிமை கொண்டாடிய பாண்டியரின் தலைநகரத்தில், குளிர் வந்தால் சந்தனத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் விடாமல் காத்துவருகிறவர் தாம் ஒருவரே என்பது சான்றோருக்குத் தெரியாது. தெரிந்தால் சித்திரை வரை நீட்டிவிடுவார்.

இத்தனை ஏற்பாடுகளையும் குலைக்க உசிலம்பட்டியிலிருந்து வரும் மைத்துனர் ஒருவர் போதும். சந்தன மரம் தன் இலைகளில் தானே உணவு செய்துகொண்டாலும், நீரையும் தாது உப்பையும் பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரை ஊன்றி உறிஞ்சிக்கொள்ளும் அரை ஒட்டுண்ணி என்று தாவரவியலார் எழுதிவைத்திருக்கிறார்கள். மைத்துனரும் சம்பாத்தியம் உள்ளவரே ஆயினும், காளவாசலில் இறங்கினால் துண்டு முதல் சீப்பு வரை இவ்வீட்டு வேரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அந்த இலக்கணத்துக்குள் அடங்குவார். அவர் குளிக்கும்போது சான்றோர் கூடத்தில் நாளிதழை விரித்துப் பிடித்திருப்பார், ஆனால் படிக்க மாட்டார். குவளைத் தண்ணீர் விழும் ஓசை நின்று, கட்டி தோளில் வழுக்கும் ஓசை தொடங்கி, அது முடிய வேண்டிய நேரத்தில் முடியாமல், வயிற்றுக்கும் தொடைக்கும் இறங்கிப் பாதம் வரை போவது அவர் காதுக்குத் துல்லியமாகக் கேட்கும். எல்லை மீறப்பட்டுவிட்டது, கேட்க வழியில்லை.

“சோப்பு என்னா வாசம் மச்சான்! ரெண்டு தடவ போட்டேன்” என்று தலை துவட்டிக்கொண்டே வெளிவரும் மைத்துனர், “அடியில ஏதோ சோடா மூடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, புடுங்கி எறிஞ்சுட்டேன்” என்று உபகாரம் செய்த நிறைவோடு முடிப்பார்.

“நல்லா போடு மாப்ள, ஒனக்கு இல்லாததா” என்று சொல்லும் சான்றோரின் குரலில் அரசு ஊழியருக்கே உரிய கட்டுப்பாடு இருக்கும். அவர் உள்ளே போய்ப் பார்க்கும்போது, ஓட்டைக்குள் சோப்பு அடைத்துக்கொண்ட பெட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்க, அதன் நடுவே ஒரு தலைமுடி சுற்றிய கட்டி, சரபமும் எழுத்தும் அழிந்து, வெண்ணெய்போலக் குழைந்து கிடக்கும். அன்று மாலையே அது மீண்டும் பீரோவுக்குள் போய்விடும், இம்முறை மருத்துவ விடுப்பில்.

கட்டி தேய்ந்து சில்லாகும் பருவத்தைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. சில்லைப் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டவைக்கும் கலை தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் பொது. புதுக் கட்டியின் மேல் உள்ள அச்சு ஓரளவு தேயும்வரை சில்லு பிடிக்காது என்பதால் ஒரு வாரம் பொறுத்திருந்து ஒட்டுவது மட்டுமே சான்றோரின் தனிச்சிறப்பு.

திருமண மண்டபங்களில் இவரைப் பார்த்தால் இவ்வகையின் இயல்பு முழுதும் விளங்கும். பைபாஸ் சாலையில் ஏதேனும் ஒரு மண்டபத்தின் வாசலில், பன்னீர்ச் செம்புக்கும் கல்கண்டுத் தட்டுக்கும் நடுவே வெள்ளிக் கும்பாவில் சந்தனம் வைத்திருப்பார்கள். பெண் வீட்டார் வசதியும் பக்தியும் உடையவர்களாக இருந்துவிட்டால், கடையில் விற்கும் மஞ்சள் பொடியைக் கரைத்து வைக்காமல், மறையூர்ப் பக்கத்துக் கட்டையை வாங்கி, கல்லில் மணிக்கணக்காகத் தேய்த்து எடுத்த அசல் சந்தனமாகவே அது இருப்பதும் உண்டு; அதன் மணம் கூப்பிட்டு அழைக்காது, நெருங்கினவருக்கு மட்டும் மெல்லத் தெரியும். சான்றோர் மோதிர விரலால் தொட்டு, புறங்கையில் இழுவி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு முறையும் திறந்து ஒரு முறையும் முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் குரலைத் தாழ்த்தி, “என்னத்தக் கலந்தாய்ங்களோ, வாசமே இல்லயே!” என்பார். பந்தியில் உட்காரும்வரை அந்தக் கையைச் சட்டையில் படாமல் தள்ளியே வைத்திருந்து, இரவு வீட்டுக்கு வந்ததும், உப்புத் தண்ணீர்தான் என்றாலும் பரவாயில்லை என்று, அந்தச் சந்தனத்தை மைசூர் சாண்டல் போட்டுக் கழுவிய பிறகே படுப்பார்.