70 ரூமுக்குக் கீழே

மருமவனே, உம்ம யோசனை நல்ல யோசனைதான். சான் டியாகோவுக்கு ஆளை வரவழைக்க ஓட்டல்காரங்க ரூம் வாடகையில நூத்துக்கு 2 டாலர் எடுத்து ஒரு பொது உண்டியல்ல போடுதாங்க. 70 ரூமும் அதுக்கு மேலயும் வச்சிருக்கவன் மட்டுந்தான் போடுதான். மிச்சம் இருக்க சின்ன லாட்ஜு, மோட்டல், கடற்கரையில வீட்டை வாடகைக்கு விடுதவன் எல்லாரையும் வளைச்சு உள்ள கொண்டாந்துட்டா உண்டியல் நிறைஞ்சிரும்ங்கீரு. நிறையும்வே. யாரு இல்லைன்னா? கூடவே உண்டியலைச் சுத்தி நின்னு எட்டிப் பாக்கவன் எண்ணிக்கையும் கூடும். அதை நீரு கணக்குல எடுக்கல.

முதல்ல ஒண்ணு சொல்லும். இந்தக் காசு யாருது? முதலாளிமாரைக் கேட்டா "எங்க பங்களிப்பு"ன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுதாங்க. பில்லைப் பாத்தா 200 டாலர் ரூமுக்குக் கீழ 4 டாலர் தனியா விழுந்து கெடக்கு. ராத்திரி தங்கிட்டுக் காலையில காரை எடுத்துட்டுப் போற அரிசோனாக்காரன் தலையில ஏத்தியாச்சு. கட்டுதவனுக்கு ஓட்டு இல்ல. ஓட்டு இருக்கவன் கட்டலை. எவ்வளவு அழகான ஏற்பாடு! அந்த ஓட்டும் தலைக்கு ஒண்ணுன்னு இல்ல. 1994ல கலிஃபோர்னியா போட்ட சட்டத்துல, வரப்போற தொகையில பாதிக்கு மேல பொறுப்புள்ளவங்க மனுவுல கையெழுத்துப் போட்டாப் போதும். நகர மன்றம் வேலையை ஆரம்பிக்கலாம். உங்க ஊரு தனக்குன்னு தனி விதி வச்சிருக்கு, ஆனா எதிர்ப்பைத் தலையை எண்ணிப் பாக்காம கனத்தை நிறுத்துப் பாக்கது அங்கயும் உண்டு. எங்க ஊருல அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுதோம். பண்ணையாருக்கும் ஒரு தலைக்கட்டு, கூலிக்காரனுக்கும் ஒரு தலைக்கட்டு. அதனாலதான் கூலிக்காரன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சு, "மைக்செட்டுக்கு எவ்வளவுடே குடுத்த?"ன்னு கேட்டுப்புடுதான். உங்க ஏற்பாட்டுல அந்தத் தொந்தரவு இல்ல.

ஊரைக் கேக்காம இருக்கதுக்கும் காரணம் இருக்கு. 2004ல ரூம் வரியைக் கூட்டலாமான்னு ஊரு சனத்துக்கிட்ட ரெண்டு தரம் ஓட்டுக் கேட்டாங்க. ரெண்டு தரமும் தேறல. பொறவு பாத்தாங்க, வரின்னு சொன்னாத்தானே ஊரைக் கேக்கணும்? "மாவட்டம்"னு ஒரு பேரைக் கண்டுபிடிச்சு 2008ல ஆரம்பிச்சுட்டாங்க. கலெக்டர் இல்லாத மாவட்டம்! வருசத்துக்குக் கோடிக்கணக்குல டாலர் வருது. பெரும்பங்கு சான் டியாகோ டூரிசம் அத்தாரிட்டிக்குப் போய் விளம்பரமாகுது. பிரிச்சுக் குடுக்கது யாருன்னா, மேசையைச் சுத்தி அதே ஓட்டல்காரங்கதான்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. பொறவுதான் உமக்கு இப்ப வந்திருக்க ஆசை அவங்களுக்கும் வந்துச்சு. 2012ல புதுப்பிக்கும்போது சின்ன லாட்ஜையும் சேத்தாங்க. பெரியவனுக்கு 2%, சின்னவனுக்கு 0.55%. கெடு எவ்வளவு தெரியுமா? 39½ வருசம். மாநிலச் சட்டம் புதுப்பிக்க 10 வருசம் போதும்ங்குது. 40ன்னு போட்டா கண்ணு பட்டுரும்னு அரை வருசத்தைக் கழிச்சுட்டாங்க போல.

அந்தச் சமயம் பாத்து பாப் ஃபில்னர்னு ஒரு மேயர் வந்து உக்காந்தாரு. உண்டியலுக்கான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. "நாளைக்குக் கோர்ட்டு, இது வரிதான், திருப்பிக் குடுன்னு சொன்னா எவன் குடுப்பான்? நகரமா, நீங்களா?" ஏறக்குறைய இதுதான் அவரு கேள்வி. ஓட்டல்ல வேலை பாக்கவங்களுக்குக் கூலியையும் கூட்டுங்கன்னாரு. "எங்க பங்களிப்பு"ன்னவங்க முகத்தை அப்பப் பாத்திருக்கணும். அவரு வேற ஒரு அசிங்கத்துல மாட்டி 2013 ஆகஸ்டுலயே வீட்டுக்குப் போயிட்டாரு, அது தனிக்கதை. கேள்வி மட்டும் போகல.

ஏன்னா 2010ல கலிஃபோர்னியா சனம் 26ஆம் பிரேரணைன்னு ஒண்ணை ஓட்டுப் போட்டு நிறைவேத்தி வச்சிருக்கு. கட்டுதவனுக்கு நேரா ஒரு நன்மை கிடைக்கணும், கட்டாதவனுக்கு அது போகக் கூடாது. போச்சுன்னா அது வரி. இந்த மாதிரி வரின்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அதைப் பிடிச்சுத்தான் வழக்கும் போட்டாங்க. உம்ம தொழிலே விளம்பரந்தானே, நீரே சொல்லும். கடலு, வெயிலு, உயிரியல் பூங்காப் பாண்டா எல்லாம் டிவியில காட்டுதீரு. அந்த வெயிலு 70 ரூமுக்கு மேல உள்ளவன் மொட்டை மாடியில மட்டும் அடிக்கிற மாதிரி எடுக்க உம்ம கேமராக்காரனுக்குத் தெரியுமா? படத்தைப் பாத்து வாரவன் பாலத்தைத் தாண்டி கொரொனாடோவுல ரூம் போட்டா? அது வேற ஊரு, வேற நகராட்சி. மீன் சாப்பாட்டுக் கடைக்காரனும் டாக்சிக்காரனும் உண்டியல்ல ஒத்த டாலர் போடல, வாரவனைப் பூராவும் வாரிக்கிடுதான்.

ஓட்டல்காரங்க தங்களுக்குள்ளயே ஓட்டுப் போட்டுக்கிட்டா என்ன ஆகும்னும் அந்த ஊரு பாத்தாச்சு. மாநாட்டு மண்டபத்தைப் பெருசாக்கணும், 52 கோடி டாலர் வேணும். இடத்தைப் பொறுத்து 1%, 2%, 3%னு வரி வச்சு, ஓட்டல் நிக்கிற நிலத்துக்காரங்க மட்டும் ஓட்டுப் போட்டு ஜெயிச்சாங்க. நிலத்துக்கு ஓட்டு! எங்க கரிசக்காட்டுல மானாவாரியாக் கெடக்க நிலத்துக்கு எத்தனை ஓட்டு வரும்னு நான் ஒரு நிமிசம் கணக்குப் போட்டுட்டேன். 2014ல மேல்முறையீட்டுக் கோர்ட்டு, "ஊருல பதிஞ்ச வாக்காளன் போடணும்யா ஓட்டு"ன்னு அதைக் கவுத்திருச்சு. வேற வழியில்லாம 2020 மார்ச்சுல ரூம் வரியைக் கூட்டலாமான்னு ஊரையே கேட்டாங்க. 65.24% கிடைச்சுது. மூணுல ரெண்டைத் தொடல. அது செல்லுமா செல்லாதான்னு கோர்ட்டுக்கு நடையா நடந்து, 2025 மே மாசந்தான் ரூம் வரி 10.5%ல இருந்து இடத்துக்குத் தக்கன 11.75%லருந்து 13.75% வரைக்கும் ஏறுச்சு. அதுக்கு மேல உம்ம 2%.

சரி, 2012ல சேத்த சின்ன லாட்ஜுக்காரன் என்ன ஆனான்? வழக்கு ஓடிக்கிட்டு இருக்கையிலயே, 2016ல, "நீங்கல்லாம் வெளிய போயிருங்க, 70க்கு மேல உள்ளவன் போதும்"னு அனுப்பி வச்சுட்டாங்க. ஏன்னு யோசிச்சீரா? பெரியவன் எல்லாரும் ஒரே மேசையில காப்பி குடிக்கவங்க. ஒருத்தன் மேல ஒருத்தன் வழக்குப் போட மாட்டான். 18 ரூம் மோட்டல்காரன் அந்த மேசையிலயே இல்ல. அவன்கிட்ட வாங்குற 0.55% கொசு. ஆனா கட்டிட்டான்னா, "எனக்கு என்ன நன்மை?"ன்னு கேக்க உரிமை வந்துருது.

அதனால மனுவை எழுதும், நான் தடுக்கல. முதல் கையெழுத்து மட்டும் பெரிய கோபுர ஓட்டல்ல வாங்காதேயும். நெடுஞ்சாலை ஓரமா ரெண்டு எழுத்துல விளக்கு எரியாத போர்டு வச்சிருக்கவன்கிட்ட வாங்கும். அவன் காப்பி குடுத்து உக்கார வச்சா எனக்குப் போன் பண்ணும்.

வாடகைக்கு விடுத வீடுகளையும் சேக்கணும்ங்கீரு பாரும், அங்கதான் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். பின்கட்டு ரூமை நீரும் உம்ம வீட்டுக்காரியும் வாரக் கடைசியில ஆன்லைன்ல விடுதீங்கள்லா, அதைப் பட்டியல்ல எத்தனாவது பேராப் போட்டிருக்கீரு?