மதில்மேல் பெரியவர்

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் அவரைச் சனிக்கிழமை காலை குப்பைக் கிடங்கில் பிடித்துவிடலாம். அந்த ஊர்கள் பலவற்றில் வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வராது. அவரவர் குப்பையை அவரவர் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை ஊரே அங்கே கூடிவிடும். ஓட்டுக் கேட்பவர்களுக்கும் இது தெரியும். காலிப் புட்டிகளுக்கும் பழைய அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே சிரித்த முகத்தோடு நின்று கையை நீட்டுவார்கள். நம் பெரியவர் கட்டம்போட்ட சட்டையோடு, இரண்டு கையிலும் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு, "கை காலியில்லையே" என்று நகர்ந்துவிடுவார். பைகளைப் போட்டுவிட்டு அதே வழியாகத் திரும்ப வேண்டும் என்பதால், ஒன்றை மட்டும் போடாமல் வைத்திருப்பார்.

"நீங்கள் எந்தக் கட்சி?" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "நான் ஆளைப் பார்த்துப் போடுகிறவன். கட்சியாவது, கிட்சியாவது!" வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'கட்சி அறிவிக்காதவர்' என்றிருக்கும். அந்த மாநிலத்தில் டெமாக்ரட், ரிபப்ளிகன் என்று பதிந்தவர்களைத் தனித்தனியே எண்ணினால், இரு கூட்டத்தையும்விட இந்த அறிவிக்காத கூட்டம்தான் பெரிது.

அவர் வீட்டம்மாவின் கணக்கு வேறு. "ஜனாதிபதிக்கு இந்த மனுஷன் யாருக்குப் போடுவார் என்று ஜூன் மாதமே ஒரு சீட்டில் எழுதி மாவு டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். நவம்பரில் எடுத்துப் பார்ப்பேன். இதுவரை தப்பியதில்லை." பெரியவருக்கு அந்த டப்பா சமாசாரம் தெரியாது. அக்டோபர் கடைசிவரை, "இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பார்.

யோசனைக்கு விலை உண்டு என்பதை அவர் கண்டுகொண்டதுதான் காரணம். ஜனாதிபதி பதவிக்குக் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலை, 1920 முதல் நாட்டிலேயே முதலில் நடத்துவது இந்த மாநிலம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை, பனிக்காலத்தில், தொலைக்காட்சிக்காரர்கள் ஊர் உணவகத்துக்குள் கேமராவோடு நுழைவார்கள். முடிவு எடுத்தவனை எவன் பேட்டி காண்பான்? முடிவெடுக்காதவர் மேஜைக்குத்தான் மைக் வரும். "உங்கள் பெரிய கவலை என்ன?" என்பார்கள். "விலைவாசி" என்பார். உண்மையான கவலை, எதிரே ஆறிக்கொண்டிருக்கும் ஆம்லெட். ஒரு வேட்பாளரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால், "மூன்று தடவைதானே நேரில் பார்த்திருக்கிறேன், அதற்குள் எப்படிச் சொல்வது?" என்பார். மாநிலம் முழுக்கச் சொல்லித் தேய்ந்த பழைய ஜோக் அது. தன் சொந்தச் சரக்குபோல ஒவ்வொரு முறையும் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

1968 பேச்சு வந்தால் நாற்காலி முன்னே நகரும். பதவியில் இருந்த ஜனாதிபதி ஜான்சன் அந்த மார்ச் முன்தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர் மெக்கார்த்தியைத் தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார். மூன்று வாரம் ஆவதற்குள் போட்டியே வேண்டாம் என்று ஒதுங்கினார். "நாங்கள் அனுப்பி வைத்தோம்" என்பார் பெரியவர். அப்போது அவருக்கு வயது பதினான்கு.

2024 ஜனவரியில் அவருக்கு வந்த ரோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் இடம் தெற்கு கரோலினாவுக்கு என்று டெமாக்ரட் கட்சி மாற்றி எழுதியது. நியூ ஹாம்ப்ஷயர்காரர்கள் மசியவில்லை, தேர்தலை முன்னதாகவே நடத்தினார்கள். பைடன் பெயர் ஓட்டுச்சீட்டிலேயே இல்லை. ஜனங்கள் கையால் எழுதிப்போட்டே அவரை ஜெயிக்க வைத்தார்கள். இரு கட்சிச் சீட்டுகளில் நம்மவர் கேட்டு வாங்கியது ரிபப்ளிகன் சீட்டு. வாங்கிய கணமே பட்டியலில் ரிபப்ளிகன் ஆனார். வட்டத்தை நிரப்பி, பெட்டியில் போட்டு, வாசலருகே இருந்த மேஜையில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு, மறுபடி 'அறிவிக்காதவர்' ஆகி வெளியே வந்தார். மொத்தக் கட்சி வாழ்க்கை ஐந்து நிமிஷம். கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொள்வதற்குக்கூட அதைவிட நேரமாகும்.

நவம்பரில் மாநிலம் ஜனாதிபதிக்கு ஹாரிஸையும் ஆளுநருக்கு ரிபப்ளிகன் கெல்லி அயோட்டையும் தேர்ந்தெடுத்தது. 2020-லும் அப்படித்தான்: மேலே பைடன், கீழே ரிபப்ளிகன் சுனுனு. "ஒருத்தனைக் காவலுக்கு வைத்தால், அவனைக் காவல் காக்க இன்னொருத்தன் வேண்டாமா?" என்று இதற்கெல்லாம் பெருமையைத் தானே எடுத்துக்கொண்டார். வடகோடியில், நள்ளிரவில் ஓட்டுப்போடும் டிக்ஸ்வில் நாட்ச்சில் மொத்தம் ஆறு ஓட்டு. 2024 நவம்பரில் மூன்றுக்கு மூன்று. "புத்தியுள்ள ஊர்" என்றார்.

இதையெல்லாம் வைத்து, மனிதர் வழவழா என்று நினைத்துவிட வேண்டாம். மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய் நடக்கும் ஊர்க்கூட்டத்துக்கு வந்து பாருங்கள். அந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, பொது விற்பனை வரி இல்லை. ஊர்ச் செலவின் பெரும்பாரம் வீட்டு வரியில் விழுகிறது. பனி தள்ளும் லாரி புதிதாக வாங்கலாமா என்ற தீர்மானம் வந்ததும் பெரியவர் எழுந்தார். பழைய லாரி எத்தனை மைல் ஓடியிருக்கிறது, துரு கதவிலா அடிச்சட்டத்திலா, போன வருஷம் மாற்றிய பிரேக்குக்கு ரசீது எங்கே என்று ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். நானூறு பேர் உட்காரும் அவை. வருஷத்துக்கு நூறு டாலர் சம்பளம். ஆகவே அவர் பேச்சுக்கு அங்கே தனி மரியாதை ஒன்றும் கிடையாது. "அண்ணே, உட்காருங்க, பசிக்குது" என்று சட்டையை இழுத்தார். பெரியவர் உட்காரவில்லை. வேண்டாம் என்பவர்கள் அட்டையைத் தூக்கலாம் என்று தலைவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கை மேலே இருந்தது. யோசனையே இல்லை.

தோற்றுப்போனார். அடுத்த பனிக்காலத்தில் புது லாரி அவர் தெருவுக்கு வந்தது. சாலையைப் பளிச்சென்று வழித்து, அந்தப் பனி அத்தனையையும் அவர் வீட்டு நுழைவாயில் குறுக்கே இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போயிற்று. பெரியவர் மண்வெட்டியோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய லாரி," என்றார் வீட்டம்மாவிடம், "முழங்கால் அளவுதான் குவிக்கும்."