நிமிடத்துக்கு மூன்று லிட்டர்

1980களில் சிகந்திராபாத் வெஸ்ட் மாரேட்பள்ளியில் எங்கள் குழாய் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. தரைக்கு மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது. ஒருநாள் விட்டு ஒருநாள், நள்ளிரவு தாண்டி வரும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி "நல்லா ஒச்சிந்தி!" (குழாயில் தண்ணீர் வந்துவிட்டது!) என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தெருவே பாவாடையும் லுங்கியுமாக எழுந்து பள்ளத்தில் இறங்கும். வசதியுள்ளவர்கள் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவார்கள். அவர்கள் வீட்டு மோட்டார் ஓடும்வரை எங்கள் குழாய் வெறும் காற்றை ஊதும். காலையில் அதே வீட்டில் காபிப்பொடி கடன் வாங்க வேண்டியிருந்ததால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குழாய் வாயில் அம்மா பழைய வேட்டித் துணியைக் கட்டி வைத்திருப்பாள். தூசியும் துருவும் துணியில் தங்கும், தண்ணீர் தெறிக்காமல் விழும். இன்று அந்த வேலைக்கு குரோம் பூசி, டப்பாவில் போட்டு விற்கிறார்கள். பெயர் ஏரேட்டர்.

ஐதராபாத் நகரத்தின் தண்ணீர் வரலாறோ தலைகீழாக, வெள்ளத்தில் தொடங்கியது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானோரை அடித்துக்கொண்டு போனது. அதன்பின் பொறியாளர் விசுவேசுவரய்யா சொன்ன யோசனைப்படி, வெள்ளத்தை மறித்து அளவாக விட 1920இல் உஸ்மான் சாகரும், 1927இல் ஹிமாயத் சாகரும் என இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. தண்ணீரைக் கட்டுப்படுத்த வைத்த பெரிய ரெகுலேட்டர் என்று உஸ்மான் சாகரைச் சொல்லலாம். அது இருக்கும் ஊர் கண்டிபேட். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் ஐதராபாத்தை விட்டுப் போகமாட்டார் என்பார்கள். எங்கள் குழாயில் வந்தது மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் என்பது அப்பாவின் கட்சி. ஆகவே மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டு மனு போட்டபடியே இருந்தார். ஓய்வு பெற்றதும் இங்கேதான்.

இப்போது கொண்டாப்பூரில் ஐந்து மாடிக் குடியிருப்பு. 2004இல் கிருஷ்ணாவும், 2015இல் எல்லம்பள்ளியிலிருந்து கோதாவரியும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பம்ப் ஏறி இந்த நகரத்துக்கு வந்துவிட்டன. போதாததற்கு எங்களிடம் போர்வெல்லும் உண்டு, கோடையில் டேங்கரும் உண்டு. 2021 ஜனவரியிலிருந்து வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம் வேறு. இத்தனையும் சேர்ந்து குழாயில் வரும்போது, அதைக் குறைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் வணிக வளாகங்களுக்கு ஏரேட்டரைக் கட்டாயமாக்கிய செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியதுதான் காரணம். அடுத்த ஊர் காய்ந்தால்தான் நமக்கு நாக்கு வறளும்.

ஏரேட்டர் வாங்கி வர என்னை ராணிகஞ்ச் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். "கித்னா எல்பிஎம் ஹோனா?" என்றார் கடைக்காரர்; நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்கிறார். பள்ளத்தில் இறங்கிய காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்போம். வெளிமரையா உள்மரையா என்றும் கேட்டார். குழாய் மூக்கில் வெளியே மரை இருந்தால் பெரும்பாலும் 22 மில்லி, உள்ளே இருந்தால் 24. பழைய பித்தளைக் குழாய்க்கு இரண்டும் கிடையாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

ஒரு லிட்டர் ஜாடியைக் குழாயடியில் பிடித்துப் பார்க்கலாம். நான்கு நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர்; கை கழுவ அது ஊதாரித்தனம். வாஷ்பேசினுக்கு மூன்று லிட்டர் தாராளம், சமையலறைக்குக் குறைந்தது ஆறு வேண்டும். காற்றைக் கலந்து நுரையாக விடுவது ஒரு வகை, பூவாகத் தெளிப்பது இன்னொன்று. நல்ல ஏரேட்டரில் உள்ள ரெகுலேட்டருக்குள் சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அழுத்தம் கூடினால் வளையம் அமுங்கி வழியைக் குறுக்கும், குறைந்தால் தளரும். அளவு அப்படியே நிற்கும்.

ஆனால் அந்த வளையம் வேலை செய்யவே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. ஐந்தாம் மாடிக் குழாய்க்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே மூன்று மீட்டர் தேறினால் அதிகம். அங்கே இதை மாட்டினால் நூல்தான் வரும். வந்தது. ஐந்தாம் மாடிக்காரர்கள் பிரஷர் பம்ப் கேட்டார்கள், சங்கம் வைத்துக்கொடுத்தது. இப்போது தண்ணீரைக் கரண்டு செலவழித்துத் தள்ளி, அதே குழாயின் நுனியில் காசு கொடுத்து நிறுத்துகிறோம்.

பக்கெட் பிடிக்கும் குழாய்க்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பக்கெட்டுக்குப் பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்துதான். நிற்கும் நேரம்தான் கூடும். திறந்துவிட்டுப் பல் தேய்க்கிறவர்களிடம்தான் இது தண்ணீரை மிச்சம் பிடிக்கும். "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றார் செயலாளர். போர்வெல் உப்பு சல்லடையை அடைக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை வினிகரில் ஊறவைக்க வேண்டும் என்பதையும் சுற்றறிக்கையில் போடச் சொன்னேன். போட்டார், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. வந்ததும் சமையலறை ஏரேட்டரைத் திருகி எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் அண்டாவைப் பிடிப்பார். மாடிப்படியில் விசாரித்தேன், எல்லா வீட்டு ஜன்னல் விளிம்பிலும் ஒன்று இருக்கிறதாம். சங்கத்தின் பதிவேட்டில் நூறு சதவீதம் பொருத்தப்பட்டது என்றிருக்கிறது, கையெழுத்து என்னுடையது.