எவன் எடுத்தான்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடைத் தெருவில் சற்று நில்லுங்கள். ‘என் சாவிய எவன்டா எடுத்தான்?’ என்று ஒரு குரல் கேட்கும். நம் முதலாளி இருக்கிறார் என்று அர்த்தம். தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள்.

ஞாபகமறதி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பிடி காயை அள்ளிக் குலுக்கி, சத்தத்தை வைத்தே ‘காய்ச்சல் பத்தாது’ என்பார். எட்டு எம்.எம். காயா, ஏழா என்று சொல்ல அவருக்குச் சல்லடை வேண்டாம். புற்றடி ஸ்பைசஸ் பார்க் ஏலத்தில் போன வருஷம் எந்த லாட் என்ன விலைக்குப் போனது, கடைசி நொடியில் அதைத் தட்டிப் பறித்தவர் யார், எல்லாம் நாக்கு நுனியில். பீரோ சாவிதான் கிடைக்காது.

அவர் எதையும் தொலைப்பதில்லை, மற்றவர்கள் எடுத்துவிடுகிறார்கள். கண்ணாடி காணோமென்றால் பேரன், பேனா என்றால் கணக்குப்பிள்ளை, டார்ச் லைட் என்றால் ஜீப் டிரைவர். பொருள் கிடைத்தாலும் வழக்கு முடியாது: ‘என் சட்டைப்பையில கொண்டாந்து வச்சது யாரு?’

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சாவிக்கொத்தில் ஓர் ஏர்டேக்கை மாட்டிவிட்டான். ஆப்பிள் 2021இல் வெளியிட்ட வில்லை. அதற்குச் சொந்தமாக ஜி.பி.எஸ். கிடையாது, பக்கத்தில் போகிற ஐபோன்கள் கண்டு தகவல் அனுப்பினால் உண்டு. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குள் ஐபோனோடு யார் திரிகிறார்கள்? சாவி தோட்டத்து ஸ்டோரில் கிடக்க, மகனின் போன் முந்தல் செக்போஸ்ட்டையே காட்டியது. மூணாறு போகிற யாரோ ஒருவரின் ஐபோன் அதைக் கடைசியாகக் கண்ட இடம் அது. முதலாளி அன்றே செக்போஸ்ட்காரரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

மகன் விடவில்லை, அடுத்த வழியைச் சொன்னான். பார்வையற்றோருக்காக மைக்ரோசாஃப்ட் 2017இல் கொண்டுவந்த ‘சீயிங் ஏஐ’ செயலியில், நம் பொருளை நாமே சில வீடியோ எடுத்துப் பழக்கிவிடலாம். பிறகு கேமராவைச் சுற்றிக் காட்டினால், அது இருக்கும் பக்கம் நம்மைக் கூட்டிப்போகும். இதற்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களே. தங்கள் 486 பொருள்களைத் தாங்களே போனில் பிடித்து, 3,822 வீடியோக்களை ‘ஆர்பிட்’ என்ற தொகுப்புக்குத் தந்தார்கள். ஆயிரக்கணக்கில் படம் கேட்கும் இயந்திரத்தை நாலைந்து வீடியோவுக்குள் பிடித்துக்கொள்ள வைப்பதுதான் இதில் சூட்சுமம். ஆனால் பொருள் காணாமல் போவதற்கு முன்பே காட்டியிருக்க வேண்டும்.

‘தொலையாத சாமானை எதுக்குடா படம் புடிக்கணும்?’ என்றார் முதலாளி. நியாயம்தான்.

அடுத்த முறை ஊருக்கு வந்தவன், 2024 மே மாதம் கூகுள் வெளியிட்ட ‘ப்ராஜெக்ட் ஆஸ்ட்ரா’ வீடியோவைக் காட்டினான். ஒரு பெண் போன் கேமராவோடு அலுவலகத்தைச் சுற்றி வருகிறாள். என் கண்ணாடியை எங்கே பார்த்தாய் என்று நடுவில் கேட்கிறாள். மேஜைமேல், சிவப்பு ஆப்பிளுக்குப் பக்கத்தில் என்கிறது இயந்திரம். போகிற போக்கில் கண்ணில் பட்டதைக்கூட மனதில் வைத்திருக்கிறது. முதலாளி இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

‘எல்லாஞ் சரி. அங்க கொண்டுபோய் வச்சது யாருன்னு சொல்லுச்சா?’

‘அந்தப் பொண்ணேதான்ப்பா வச்சிருக்கும்.’

‘உனக்கென்ன தெரியும்? ஆப்பிள் வச்சவன் எடுத்திருப்பான்.’

எங்கே என்று மட்டும் சொல்கிற இயந்திரம் அவருக்கு அரை உதவி. யார் என்றும் சொல்கிற ஒன்று வந்தால் அதை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார். விஷயம் அவருக்கே தெரியும்.

போடிப் பக்கம் வந்தால் அவரிடமே காய் வாங்குங்கள், தரம் தப்பாது. பில் போடப் பேனா கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.