பிணம் இருக்கட்டும், புத்தகத்தைத் திருப்பிக் கொடு

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இரண்டு விதமான கொலைகள் நடக்கும். கட்டிலில் என் கணவர் பக்கம் சுவீடன் கொலை: பனி, இருட்டு, விவாகரத்தான இன்ஸ்பெக்டர், அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. என் பக்கம் அமெரிக்கச் சிற்றூர்க் கொலை: நூலகம், தேநீர், ஒரு பூனை. படித்து முடித்த பிறகும் அவருக்குத் தூக்கம் வராது. எனக்கு முடிப்பதற்குள் வந்துவிடும்.

"இன்னிக்கு யாரு போனது?" என்பார்.

"பெரிய எழுத்தாளராம். ஊர்ல ஒருத்தருக்கும் பிடிக்காது."

"அப்பச் சரி."

கோஸி மிஸ்டரி என்கிற இந்த வகையில் செத்தவருக்காக யாரும் அழ வேண்டியதில்லை. ரத்தம் தெறிக்காது, படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும், துப்பறிபவர் போலீஸாக இருக்க மாட்டார். இந்தக் கதைகளுக்கென்றே அமெரிக்காவில் அகதா விருது என்று ஒன்று தருகிறார்கள். ஜெயித்தவருக்குக் கப்பு கிடையாது, டீப்பாட். பேக்கரிக்காரி, பூக்கடைக்காரி என்று யார் யாரோ துப்பறிகிறார்கள். எனக்கு நூலகர்தான் வேண்டும்.

ஷார்லைன் ஹாரிஸ் 1990-ல் எழுதிய 'ரியல் மர்டர்ஸ்' நாவலில் அரோரா டீகார்டன் என்ற குள்ளமான நூலகர் வருகிறாள். ஜார்ஜியா மாநிலத்தில் கற்பனையாக ஒரு ஊர். பழைய கொலை வழக்குகளை அலசுவதற்கென்றே அங்கே ஒரு சங்கம், மாதாமாதம் கூட்டம். 1931-ல் லிவர்பூலில் நடந்த ஜூலியா வாலஸ் கொலையைப் பற்றிப் பேசத் தயாராகிப் போனால், சங்கத்து உறுப்பினர் ஒருத்தி அதே பாணியில் செத்துக் கிடக்கிறாள். மெனக்கெட்டு எழுதிய குறிப்பெல்லாம் வீணாப்போச்சே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

என் கணவரிடம் நான் சொன்ன எழுத்தாளர் 2010-ல் வந்த 'மர்டர் பாஸ்ட் டியூ'வில் சாகிறவர். மிராண்டா ஜேம்ஸ் என்ற பெயரில் அதை எழுதிய டீன் ஜேம்ஸ் தாமே நூலகர். கதாநாயகன் சார்லியும் நூலகர். டீசல் என்கிற பிரம்மாண்டமான பூனையைக் கயிறு மாட்டி வேலைக்குக் கூட்டிப்போகிறவர். நூலகர் எழுதிய தொடரில் முதல் பலி புகழ்பெற்ற நாவலாசிரியர். இதில் உள்நோக்கம் ஏதும் இருக்காது என்று நம்புவோம்.

நூலகர் எதற்கு என்றால், குறுக்கு விசாரணைதான் அவருடைய அன்றாட வேலை. அமெரிக்க நூலகங்களில் அதற்கு ரெஃபரன்ஸ் இன்டர்வியூ என்று பெயர். நூலகப் படிப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். வருகிறவர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறொன்று.

"தோட்டக்கலை புத்தகம் இருக்குமா?"

"இருக்கே. காய்கறியா, பூச்செடியா?"

"அரளி."

"வளர்க்கறதுக்கா?"

"வளர்ந்தாச்சு. தெரியாத்தனமா யாராவது தின்னுட்டா என்ன ஆகும்னு…"

புத்தகங்களை வகைப்படுத்தும் டூயி எண் 635-ல் தொடங்கியவர் 615.9-க்கு, அதாவது நஞ்சியல் அலமாரிக்கு, வந்து சேர்ந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை, லத்தியைக் காட்டவில்லை. எந்த ஸ்டேஷனில் இது நடக்கும்?

ஆனால் நிஜ நூலகர்கள் இந்தக் கதைகளைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். யார் எதைப் படித்தார் என்பதை வெளியே சொல்லாமலிருப்பது அவர்கள் தொழில் தர்மம். 2005-ல் கனெக்டிகட் மாநிலத்தில், நூலகக் கணினியை யார் பயன்படுத்தினார் என்ற விவரம் கேட்டு எஃப்.பி.ஐ. கடிதம் நீட்டியது. கடிதம் வந்ததையே வெளியில் மூச்சு விடக்கூடாது என்று வாய்ப்பூட்டு வேறு. நான்கு நூலகர்கள் மறுத்து வழக்குப் போட்டார்கள். அவர்கள் யாரென்று தெரியக்கூடாது என்பதால், சொந்த வழக்கின் விசாரணையையே வேறு ஊரில் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து டிவியில் பார்க்கவேண்டியிருந்தது. மறுவருஷம் அரசாங்கம்தான் பின்வாங்கியது. ஜென் மெக்கின்லி தம் துப்பறியும் நூலகர் லின்ட்ஸி நோரிஸுக்கு 2011-ல் வேலை போட்டுக்கொடுத்ததும் அதே கனெக்டிகட்டில்தான். உளவுத்துறைக்கே வாய் திறக்காத மாநிலத்தில் இந்தப் பெண் ஊரையே தோண்டித் துருவுகிறாள்.

இதையெல்லாம் என் கணவர் கண்டுகொள்ளவில்லை. அவருடைய ஆட்சேபம் ஈவா கேட்ஸ் எழுதும் கலங்கரை விளக்கத் தொடர்மீது. வட கரோலினாவின் போடி தீவில் 1872-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நிஜமாகவே நிற்கிறது. அதற்குள் ஒரு பொது நூலகத்தையும், மாடியில் லூசி என்ற நூலகருக்குக் கடல் பார்த்த வீட்டையும் ஆசிரியர் தாராளமாக அடக்கிவிட்டார். என் கணவர் இன்டர்நெட்டில் படத்தைத் தேடியெடுத்துக் காட்டினார்.

"உள்ள படிக்கட்டு போக என்ன இடம் இருக்கும்? அலமாரி எங்க வைப்பா?"

"சின்ன ஊர், வருஷத்துக்கு நாலு கொலை. அதை நம்பியாச்சு. அலமாரியில போய் நிக்கறீங்களே."

"கொலை எங்க வேணா நடக்கும். இடம் வேணுமில்ல?"

சதுர அடிக் கணக்குப் போட காகிதம் தேட ஆரம்பித்தார். நான் விளக்கை அணைத்துவிட்டேன்.